கடைசி மூன்று வாளி

போன மாதம் ஒரு காலை, எங்கள் அரசாங்கப் பொதுவேலைப் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் தொழினுட்ப உத்தியோகத்தர் என் வீட்டுப் படலையைத் தட்டினார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஊர்ப் புதினமெல்லாம் கதைத்து முடித்த பிறகு, வந்த காரியத்தைச் சொன்னார். கடற்கரை வேதக் கோயில் வளவில் இருக்கிற சின்னத் தடாகத்தின் அடிப்பக்கம் கறுப்பாய் அழுக்குப் பிடித்த மாதிரிக் கிடக்கிறதாம். நிலாவெளிப் பக்கம் புதிதாக வந்த ஹோட்டல்களில் நீந்துகிற தடாகமெல்லாம் நீலமாய் இருப்பது போல, அதற்கும் நீலம் அடித்து விட்டால் பார்வையாய் இருக்குமாம். கட்டியவன் நான் என்பதால் ஒரு வார்த்தை கேட்டுப் போக வந்தாராம்.

எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணீருக்குச் சீனி போட்டதே வீண் என்று நினைத்தேன். ஆனால் வீடு தேடி வந்த பிள்ளையை ஏசக்கூடாது. "தம்பி, இதை வாயால சொன்னால் ஏச்சாய்ப் போகும், எழுதித் தாறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுதான் இது. வேலைப் பகுதியில் இருக்கிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கலாம். முப்பது வருஷம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவன் எழுதுவது, அங்கங்கே ஈரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிளிவெட்டிக்காரன். தகப்பன் வயல் செய்தவர். சுதந்திரம் கிடைத்து மூன்று நாலு வருஷத்தில், மூதூரில் லோஞ்ச் ஏறிக் கடல் தாண்டி நகரத்துக்கு வந்து வேலைப் பகுதியில் கூலியாளாகச் சேர்ந்தேன். மணல் அரித்தது, கல் சுமந்தது, சீமெந்து குழைத்தது என்று நாலு வருஷம் போனது. அதையெல்லாம் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். ஐந்தாம் வருஷம் கையில் மேசன் கரண்டி தந்தார்கள். எங்கள் ஸ்டோர் வளவுக்கு முதன்முதல் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினேன். நிரப்பிய மறுநாள் பார்த்தால் தொட்டிக்குள் இருந்ததைவிட வெளியில்தான் அதிகம் தண்ணீர் நின்றது. அன்றைக்கு வைத்த பெயர்தான் "ஒழுக்குக் கணபதி." அதற்குப் பிறகு எத்தனையோ தொட்டி கட்டினேன், ஒன்றும் ஒழுகவில்லை. பெயர் மட்டும் போகவில்லை. பென்சன் எடுத்த நாளில் மாலை போட்டவனும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் போட்டான்.

அந்த முதல் தொட்டியைப் பார்க்க வந்தவர், எங்கள் வேலைகளை மேற்பார்க்கிற ஹனீபா ஓவசியர். கிண்ணியாக்காரர். ஒவ்வொரு நாளும் தோணித்துறை தாண்டி, சைக்கிளில் வருவார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் குலையாது. உரத்துப் பேசி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. வேலை நடக்கிற இடத்துக்கு வந்தால் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலையை ஒருதரம் சுற்றி வருவார். இரண்டாம் தரம் சுற்றும்போது எங்கே நிற்கிறாரோ அங்கே பிழை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பார். அதைவிட நாலு அடி அடித்திருக்கலாம் என்று இருக்கும். என்னுடைய ஒழுகல் தொட்டியைச் சுற்றி வந்து அவர் நிற்காத இடமே இல்லை. கடைசியில் என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான்: ஊரில் வரம்பு கட்டியிருக்கிறாயா? கட்டியிருக்கிறேன் என்றேன். வரம்பு கட்டினவனுக்குத் தண்ணீர் எந்த வழியால் போகப் பார்க்கும் என்று தெரிய வேணுமே என்று சொல்லிவிட்டு, உடைத்துக் கட்டச் சொன்னார்.

தொட்டி சோதிக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. நிரப்பின தொட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீரையும் வைப்பார். தொட்டிச் சுவரில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு, வாளிக்குள் ஒரு கோடு. மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பார். இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. தொட்டியில் கூட இறங்கியிருந்தால் அது நாங்கள் விட்ட பிழை. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் வெயிலில் பழியைப் போட்டுத் தப்பப் பார்க்கிற மேசன்மாரை அந்த வாளி காட்டிக் கொடுத்துவிடும். "என்னட்டக் கேக்காத, தண்ணியட்டக் கேளு" என்பார். அடுத்தது, சட்டைப் பையில் ராசாத் தலை போட்ட பழைய ஐந்து சதக் குற்றி ஒன்று வைத்திருந்தார். அதைத் தொட்டிக்குள் போடுவார். அடியில் கிடக்கிற குற்றியில் ராசாவின் மூக்கு தெரிந்தால் அடிப்பூச்சு சுத்தம், தண்ணீரும் சுத்தம். தெரியாவிட்டால் இறைத்துக் கழுவ வேணும். குற்றியை எடுக்கத் தொட்டிக்குள் இறங்குகிறவன் எப்போதும் நான்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேணும், ஏனென்றால் கதையே அதில்தான் தொடங்குகிறது. சீமெந்துத் தட்டுப் போட்டால் அது காய்ந்து வெடிக்காமல் இறுக வேணும். அதற்கு மேலே களிமண்ணால் வயல் வரம்பு போலச் சின்னச் சின்ன வரம்பு கட்டி, ஒரு கிழமை இரண்டு கிழமை தண்ணீர் தேக்கி வைப்போம். பாத்தி கட்டுகிறது என்று சொல்வோம். வயல்காரன் மகன் என்பதால் அந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப்போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் திறந்தவெளி மேடை ஒன்று கட்டினோம். மேடைத் தட்டுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டுவிட்டு, வரம்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க மறுநாள் காலை போனேன். பள்ளிக்கூடத்துச் சித்திர ரீச்சர் மேடை ஓரத்தில் நிற்கிறார். பெயர் பிலோமினா. நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், சீலைத் தலைப்பில் எப்போதும் சுண்ணாம்போ சாயமோ ஒட்டியிருக்கும். தட்டின் மட்டத்துக்குக் கண்ணை வைத்து, குனிந்தபடி அசையாமல் நிற்கிறார். தட்டில் வெடிப்புக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் எனக்குப் பயம் வந்தது. கிட்டப் போய் என்ன ரீச்சர் என்று கேட்டால், இந்தத் தண்ணீரை எத்தனை நாள் விடுவீர்கள் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். பத்து நாளும் வந்தார். படம் கீறும் கொப்பியோடு வருவார், குனிவார், கீறுவார். பாத்தியில் வாகை மரமும் கோயில் கோபுரமும் தலைகீழாய் நிற்கும். நான் அதை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று சொல்வதும் பிழை. எனக்கு அது தண்ணீர் நிற்கிறது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

பாத்தியை வெட்டிவிடுகிற நாளில்தான் விசயத்தைச் சொன்னார். வாசிகசாலையில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை பார்த்தாராம். அந்த நாடுகளில் இந்தக் காலத்துச் சிற்பிகள் சிலையைப் பீடத்தில் வைக்கிறதில்லையாம். தண்ணீரில் வைக்கிறார்களாம். சிலையில் ஒரு பங்கைத்தான் கையால் செய்கிறார்களாம், மிச்சத்தைத் தண்ணீரில் தெரிகிற விம்பம் செய்து முடிக்கிறதாம்.

"படத்தில பாக்கேக்க எனக்கு விளங்கேல்ல, கணபதியண்ணை. உங்கட பாத்தியில பாத்தாப் பிறகுதான் விளங்கினது" என்றார்.

என் பாத்தியைப் பார்த்து ஒருவருக்கு ஒன்று விளங்கினது என்று கேட்க எனக்குப் பெருமையாய் இருந்தது. பிறகு அவர் தன் தம்பியின் கதையைச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, பாத்தியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

தம்பி கடற்றொழில் செய்தவர். இறக்கக்கண்டியில் பெண் எடுத்தவர். மூன்று வருஷத்துக்கு முன், வாடைக் காற்று தொடங்குகிற நேரம் வள்ளத்தில் தனியே போனவர் திரும்பவில்லை. ஆளும் கிடைக்கவில்லை, வள்ளமும் கிடைக்கவில்லை. பத்து நாளைக்குப் பிறகு ஒரு பலகைத் துண்டு கரை ஒதுங்கியது. அதைக் கொண்டுவந்து அவர் மனைவி ரெஜினாவிடம் காட்டினார்கள். ரெஜினா அது தன் மனிதனுடைய வள்ளத்துப் பலகை இல்லை என்று சொல்லிவிட்டார். இறந்தவருக்குச் சொல்லும் பூசையைச் சொல்ல விடவில்லை. கறுப்புச் சீலை உடுக்கவில்லை. நகரத்தில் ரீச்சரோடு வந்து இருந்தார். கோயிலுக்குப் போனாலும் கடற்கரை றோட்டால் போகாமல் உள்றோட்டால் சுற்றித்தான் போவார். கோயிலுக்கு வருகிற சனம் சீலை நிறத்தைப் பார்த்துக் கதைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ரீச்சர் செய்ய நினைத்தது ஒரு வள்ளம். முழு வள்ளம் இல்லை. வள்ளத்தை முன்முனையான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து, ஒரு பாதியை வெட்டுப்பக்கம் கீழே வர நிறுத்தி வைத்தால் எப்படியோ, அப்படி. பார்த்தால் நீட்டான ஒரு வளைவு, அதிலிருந்து விலாக்கட்டைகள் நேராய்த் தண்ணீர் மட்டம் வரை இறங்கும். மற்றப் பாதியைத் தண்ணீர் காட்டும். இரண்டும் சேர்ந்தால், மேலே பறக்கிற கடற்காகம் பார்க்கிற மாதிரி ஒரு முழு வள்ளம். கடற்கரைக் கோயில் பாதிரிச் சுவாமி வளவில் ஒரு மூலை விட்டுக் கொடுத்தார். ரீச்சர் கம்பி வளைத்து, கோழிக்கூட்டு வலை சுற்றி, சீமெந்து பூசித் தானே வள்ளத்தைச் செய்யத் தொடங்கிவிட்டார்.

அதை ரெஜினா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டார். தண்ணீர் இல்லாத வெறும் நிலத்தில் பாதி வள்ளம். ரீச்சர் எனக்கு அழுதுகொண்டு சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. ரெஜினா கேட்டாராம்: "அண்டைக்கு ஒரு பலகையைக் கொண்டுவந்து காட்டினியள். இப்ப பாதி வள்ளம் காட்டுறியளோ, மச்சாள்? எல்லாருமாச் சேந்து என்ர மனுசனைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்கிறியள்."

ரீச்சர் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். இது உடைந்த வள்ளம் இல்லை. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிய வந்து பார், அன்றைக்கு முழுதாய்த் தெரியும். தெரியாவிட்டால் என் கையாலேயே உடைத்துப்போடுகிறேன் என்று. அந்த வாக்குக்குத் தண்ணீர் கட்டவேண்டியவன் நான்.

லீவு போட்டு இறங்கினேன். பதினைந்து அடி நீளம், பத்து அடி அகலம், அரை அடி ஆழம். சுற்றிக் கட்டு வைக்கக்கூடாது, தண்ணீர் நிலத்தோடு நிலமாய் விளிம்பைத் தொட்டு நிற்கவேணும் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். தொட்டி என்றால் கட்டு வைத்தே பழகின கைக்கு அது சிரமம். விளிம்பு ஒரு பக்கம் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இறங்கினாலும் தண்ணீர் அந்தப் பக்கத்தால் போய்விடும். நாலு மூலைக்கும் ரியூப்பில் தண்ணீர் மட்டம் பிடித்தேன். இரண்டு நாள் மட்டம் மட்டும்தான் பிடித்தேன் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். வள்ளத்தின் இரண்டு முனையும் தண்ணீருக்குள் இருக்கும் சின்னத் தூண்களில் நின்றன. தண்ணீர் சரியாய் வெட்டு விளிம்பைத் தொட்டால்தான் இரண்டு பாதியும் ஒட்டும். ஒரு நூல் குறைந்தாலும் நடுவில் வெடிப்பு மாதிரி ஒரு இடைவெளி தெரியும்.

அடிப்பூச்சுக்கு வந்தபோதுதான் தவளை தன் வாயால் கெட்ட கதை. ரீச்சர் சாதாரணப் பூச்சுப் போதும் என்றார். எனக்குப் போதவில்லை. விம்பம் தெரியவேணும் என்றால் கண்ணாடி மாதிரி இருக்கவேணும். கண்ணாடி என்றால் பளபளப்பு, வெளிச்சம், வெள்ளை. எனக்கு ஓடின புத்தி அவ்வளவுதான். வீட்டில் பூசை அறைக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சீமெந்தைக் கொண்டுவந்து, யாரும் கேளாமல், அடி முழுவதும் பூசினேன். முழங்காலில் நின்று தேய்த்தேன், தேய்த்தேன், கையில் தோல் உரியும் வரைக்கும் தேய்த்தேன். என் வாழ்நாளில் நான் போட்ட மிக நல்ல பூச்சு அது. இன்றைக்கும் சொல்வேன். பாத்தி கட்டின தண்ணீருக்குமேல் சாக்குப் போட்டு மூடி ஒரு கிழமை வைத்திருந்து, ஞாயிறுக்கு நாலு நாள் இருக்கையில், புதன்கிழமை காலை கழுவி நிரப்பினேன்.

ரீச்சர் வந்தார். பார்க்கும் இடம் இது என்று நான் பதித்து வைத்திருந்த கல்லில் ஏறி நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். வெள்ளை வெளேர் என்று தடாகத்தின் அடி தெரிகிறது, விழுந்த வேப்பம் இலை ஒன்றின் நரம்பு தெரிகிறது, வள்ளத்தைத் தாங்குகிற இரண்டு தூணும் தெரிகிறது. மற்றப் பாதி வள்ளத்தைக் காணவில்லை. உற்றுப் பார்த்தால் மங்கலாய் ஒரு நிழல் ஆடுகிற மாதிரி, அவ்வளவுதான்.

ரீச்சர் ஏசியிருக்கலாம். "வடிவாய்த்தான் பூசியிருக்கிறியள், அண்ணை" என்றார். கல்லால் இறங்கிக் கோயில் படியில் போய் இருந்துவிட்டார். முதல் தொட்டி ஒழுகின நாளில் எனக்கு வெட்கம் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம் இல்லை. ஒரு பெண் உடைந்த வள்ளத்தைப் பார்க்கப் போகிறாள், அதை உடைத்தவன் நான் என்ற நினைப்புத்தான் வந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹனீபா ஓவசியரைத் தேடிப் போனேன். இது வேலைப் பகுதி வேலை இல்லை, அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். சைக்கிளை வேம்பில் சாத்தினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருதரம் சுற்றினார். இரண்டாம் தரம் சுற்றினார். எங்கேயும் நிற்கவில்லை. பையிலிருந்து ஐந்து சதக் குற்றியை எடுத்துப் போட்டார். அது ஆடி ஆடிப் போய் அடியில் இருந்தது. ராசாவின் மூக்கு மட்டுமா, மீசை மயிரைக்கூட எண்ணலாம்.

"உன்ட தொட்டியில ஒரு பிழையும் இல்ல, கணபதி. ஆனா அந்த ரீச்சர் உன்னட்டத் தொட்டி கேக்கல்ல."

பிறகு என்னைக் கோயில் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எட்டிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கீழே இருட்டுக்குள் என் முகம், அவர் முகம், எங்கள் தலைக்கு மேல் தென்னோலை, எல்லாம் தெளிவாய்த் தெரிந்தது. "கிணத்துக்கு ஆரு வெள்ளை அடிச்ச?" என்று கேட்டார். கிளிவெட்டியில் பிறந்து, சேற்று வயலில் ஆகாயத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அடி கறுத்தால்தான் விம்பம் தெரியும் என்பது தெரியாமல் போய்விட்டது.

கடைவீதியில் நிலத்துக்குப் போடும் சிவப்புத் தூள் எல்லாக் கடையிலும் இருந்தது. கறுப்புத் தூள் கேட்டால் முதலாளிமார் சிரித்தார்கள். நாலாவது கடையில், பின்னறையில், பழைய வீடுகளுக்குக் கரை போட வாங்கி மிஞ்சினது என்று ஒரு தகரம் கிடைத்தது. ஆனால் வழுவழுப்பான பூச்சுக்கு மேல் புதுப் பூச்சுப் பிடிக்காது, உரிந்துவிடும். பிடிக்க வேணும் என்றால் பழைய பூச்சைக் கொத்த வேணும். உளியும் சுத்தியலும் எடுத்து வைத்துவிட்டு, அந்த வெள்ளையைப் பார்த்தபடி இருந்தேன். கை போகவில்லை. மகளை அலங்கரித்து வைத்துவிட்டு அடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

ஓவசியர் அந்த மடிப்புக் குலையாத சட்டையைக் கழற்றி வேம்பில் கொழுவினார். சாறத்தை மடித்துக் கட்டினார். தண்ணீர் வடிந்த தடாகத்துக்குள் இறங்கி, முதல் உளியை அவர் போட்டார். பதினாறு வருஷத்தில் அவர் கையில் உளியை அன்றைக்குத்தான் கண்டேன். மேசன் வேலை தெரிந்த கை என்பது இரண்டாம் அடியிலேயே விளங்கியது. அதற்குப் பிறகு நான் எப்படி இருப்பது? நானும் இறங்கினேன். பொழுது சாயும் வரை இரண்டு பேரும் கொத்தினோம். கொத்தும்போது அவர் ஊர்க் கதை சொன்னார், தோணித்துறையில் ஒருவர் ஆடு ஏற்றின பகிடி சொன்னார். பூச்சைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வியாழன் கறுப்புப் பூசினேன். வெள்ளி காலை, பூச்சு இறுகத் தண்ணீர் கட்டினேன். பாத்திக்கு விடுகிற தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை. தண்ணீர் ஏற ஏறக் கீழேயிருந்து ஒரு வளைவு எழும்பி வந்தது. ரீச்சர் பள்ளிக்கூடத்தால் நேரே வந்து கல்லில் ஏறினார், என் கையைப் பிடித்தார். புதுச் சீமெந்து என்பதால் மேலே சுண்ணாம்பு ஆடை படிந்தது. சனிக்கிழமை தண்ணீரைத் திறந்துவிட்டுத் திரும்ப நிரப்பினேன்.

ஞாயிறு பூசை முடிந்தது. சனம் கோயிலுக்கு முன்னால் நின்று கதைக்கும்போது, ரீச்சர் ரெஜினாவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ரெஜினாவை அன்றைக்குத்தான் முதல் பார்த்தேன். பச்சைச் சீலை. முப்பது வயது இருக்கும். நிலத்தைப் பார்த்தபடிதான் வந்தார். மதிலுக்கு அப்பால் கடல். கல்லில் ஏற்றி விட்டு, இப்போது பார் என்றார் ரீச்சர்.

பங்குனி சித்திரைக் கடல் போலவே தடாகமும் அசையாமல் கிடந்தது. முழு வள்ளம். விலாக்கட்டை விலாக்கட்டையாய், இரண்டு பக்கமும், ஒரு இடைவெளி இல்லாமல். ரெஜினா கனநேரம் பார்த்தார். அணியம் எந்தப் பக்கம் என்று கேட்டார். கரையைப் பார்த்தபடி என்றார் ரீச்சர். ரெஜினா கல்லால் இறங்கி விளிம்பில் முழங்காலில் இருந்து, கையை நீட்டித் தண்ணீருக்குள் வைத்தார். வள்ளம் துண்டு துண்டாய்ப் போனது.

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அலை விளிம்பில் பட்டு வழிந்து வெளியே போனது. நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து, இருபது, முப்பது. துண்டுகள் நெளிந்தன, நீண்டன, ஒன்றையொன்று தேடின. பிறகு ஒட்டின.

"வருது" என்றார் ரெஜினா. "கலைஞ்சாலும் வருது, மச்சாள்."

அப்போதுதான் அழுதார். மூன்று வருஷமாய் அழாத அழுகை அது. ரீச்சர் அவரைக் கட்டிக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அங்கே ஓவசியர், ஞாயிற்றுக்கிழமையும் தோணித்துறை தாண்டி வந்து, சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார்.

"தொட்டி ஒழுகல்ல, கணபதி" என்றார். "உன்ட கண்தான் ஒழுகுது."

அடுத்த செவ்வாய் ரெஜினா சுவாமியிடம் போய்த் தன் மனிதனுக்குப் பூசை சொல்லச் சொன்னாராம். பூசையன்று கறுப்புச் சீலை உடுத்துக்கொண்டு, கடற்கரை றோட்டால் நடந்து வந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். அதே கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றார். மலேரியாக் காலம், தேங்கின தண்ணீர் கூடாது. ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றவேணும், அல்லது மீன் விடவேணும் என்றார். எண்ணெய் விட்டால் மேலே படலம் கட்டும், மீன் விட்டால் தண்ணீர் ஆடும். ரீச்சர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. பரிசோதகரும் தன் கடமையைச் செய்கிறவர்தானே. கடைசியில் ஒரு தீர்வுக்கு வந்தோம்: கிழமைக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலை திறந்துவிட்டு, தடாகத்தைப் பகல் முழுக்கக் காயவிட்டுப் பின்னேரம் நிரப்பவேணும். நிரப்புகிற பொறுப்பை நான் எடுத்தேன்.

முதல் வெள்ளி, வேலை விட்டு நான் போகிறேன், ரெஜினா வெறும் தடாகத்துக்கு முன்னால் நிற்கிறார். ஏன் உடைத்தீர்கள் என்று கேட்டார். உடைக்கவில்லை தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லி, கிணற்றடியில் தண்ணீர் மெசினை ஓட்டினேன். தண்ணீர் ஏறியது. இரண்டு பாதியும் கிட்டக் கிட்ட வந்தன. ஒட்டுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது, ஏனென்று தெரியாது, மெசினை நிறுத்தினேன். அந்தத் தடாகத்தில் மூன்று வாளி ஊற்றினால் ஒரு நூல் ஏறும். வாளியை அள்ளி ரெஜினாவின் கையில் கொடுத்தேன். விளிம்பில் குனிந்து, சத்தம் வராமல், மெதுவாய் ஊற்றினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது வாளியோடு வள்ளம் பொருந்தியது.

அன்று தொடங்கி இன்றுவரை அப்படித்தான். ரீச்சர் பென்சன் எடுத்து மட்டக்களப்புக்குப் போய்விட்டார். ஓவசியர் மவுத்தாகி நாலு வருஷம். அந்தக் குற்றியை அவருடைய மகன் என்னிடம் தந்தார், அலுமாரியில் இருக்கிறது. நான் வேலையை விட்டாலும் வெள்ளிக்கிழமையை விடவில்லை. மெசினை ஒரு நூல் முந்தி நிறுத்துவேன். ரெஜினா வந்திருப்பார். மூன்று வாளியையும் அள்ளி அவர் கையில் கொடுப்பேன்.

ஆகவே தம்பி, நீலம் அடிக்கலாமா என்று என்னிடம் கேட்காதேயும். வருகிற வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கோயில் வளவுக்கு வாரும். கல்லில் ஏறி நின்று அந்த மூன்று வாளியும் ஊற்றி முடியும் வரை பாரும். முடிந்த பிறகும் கேட்கத் தோன்றினால், அவரிடம் கேளும்.